பதினொரு வயதில் எழுதிய தேர்வும் எண்பது வயது மூளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பெரியவர் ஒருவர் சாவியை எங்கே வைத்தோம் என்று இரண்டு முறை தேடினால் போதும். அன்று மாலைக்குள் வல்லாரை, வால்நட், குறுக்கெழுத்து என்று ஆளுக்கொரு யோசனை வந்துவிடுகிறது. இவற்றில் எது உண்மையிலேயே மூளையைக் காக்கிறது? அதைச் சொல்வதற்கு ஒரே ஆளைப் பள்ளிப் பருவத்திலிருந்து முதுமைவரை பின்தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வைப் பற்றி நான் பேசும் இடங்களில் எல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்தில் அப்படி என்ன நடந்தது?

1932 ஜூன் 1, புதன்கிழமை. ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்த, 1921இல் பிறந்த ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அன்று ஒரே தேர்வை எழுதினார்கள். மொத்தம் 87,498 பேர். பெரும்பாலோருக்கு வயது 11. நேரம் 45 நிமிடம், அதிகபட்ச மதிப்பெண் 76. எடின்பரோப் பேராசிரியர் காட்ஃப்ரி தாம்சன் தயாரித்த 'மோரே ஹவுஸ்' வரிசைத் தேர்வுகளில் அதுவும் ஒன்று. எதிர்ச்சொல், கூட்டத்தில் சேராத சொல், கலைந்து கிடக்கும் வாக்கியத்தை ஒழுங்குபடுத்துவது, பழமொழிக்குப் பொருள், கொஞ்சம் கணக்கு, ரகசிய எழுத்தைப் பிரித்துப் படிப்பது என்று பலதும் கலந்த வினாத்தாள்.

ஒரு நாட்டில் ஒரே ஆண்டில் பிறந்த பிள்ளைகள் அனைவரையும் இப்படிச் சோதித்தது அதுவே முதல் தடவை. 15 ஆண்டு கழித்து, 1947 ஜூனில், 1936இல் பிறந்த 70,805 பிள்ளைகளிடம் அதே தேர்வை மறுபடி நடத்தினார்கள்.

எதற்காக அவ்வளவு பெரிய தேர்வு?

முதல் தேர்வு, நாட்டுப் பிள்ளைகளிடையே அறிவுத்திறன் எப்படிப் பரவியிருக்கிறது, தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க. இரண்டாவதன் பின்னால் இருந்தது ஒரு பயம். படித்த குடும்பங்கள் குறைவாகப் பிள்ளை பெறுகின்றன, மற்றவர்கள் நிறையப் பெறுகிறார்கள், ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை நாட்டின் அறிவு சரிந்துகொண்டே போகும் என்று அன்று பலர் நம்பினார்கள். முடிவு வந்தது: 1932இல் சராசரி 34.5, 1947இல் 36.7. சரியும் என்று சொன்னது ஏறியிருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளால் நாடு கெடும் என்ற அந்தப் பேச்சு எல்லா ஊரிலும் ஏதோ ஒரு வடிவில் இன்றும் உலவுகிறது. அதனால் இந்த இரண்டு எண்களையும் நான் விடாமல் சொல்லிவருகிறேன்.

அந்த விடைத்தாள்கள் இத்தனை காலம் எப்படிப் பிழைத்தன?

பேரேடுகளாகப் பிழைத்தன. ஒவ்வொரு பள்ளியும் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் ஆகியவற்றைக் கையால் எழுதி அனுப்பியிருந்தது. அவை எடின்பரோவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் அடுக்கப்பட்டு, ஏறக்குறைய யாருடைய நினைவிலும் இல்லாமல் கிடந்தன. 1997இல் இயன் டியரி, லாரன்ஸ் வாலி என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிப் பிடித்தார்கள். மூன்று மாவட்டங்களின் பேரேடுகள் கிடைக்கவில்லை. மற்றவை பத்திரமாக இருந்தன. டியரி உளவியலாளர், வாலி மனநல மருத்துவர். அந்தப் பக்கங்களில் வரிசையாக இருந்த பெயர்களுக்கு உரியவர்கள் அப்போது 76 வயதை எட்டியிருந்தார்கள். பலர் உயிரோடும் இருந்தார்கள்.

அவர்களைக் கண்டுபிடித்து என்ன செய்தார்கள்?

மறுபடியும் தேர்வு எழுத வைத்தார்கள். 1998 ஜூன் 1, நாள் தவறாமல் 66 ஆண்டு கழித்து, அபெர்டீன் நகரின் இசை மண்டபத்தில் முதியவர்கள் கூடினார்கள். அதே வினாத்தாள், அதே வழிமுறைகள், அதே 45 நிமிடம். முதலில் இந்த மறுதேர்வை எழுதியவர்கள் 101 பேர்.

அடுத்து எடின்பரோவையும் அதைச் சுற்றியுள்ள லோதியன் பகுதியையும் சேர்ந்தவர்களைத் திரட்டினார்கள். 1921இல் பிறந்தவர்கள் 550 பேர், சுமார் 79 வயதில் சேர்ந்தார்கள். 1936இல் பிறந்தவர்கள் 1,091 பேர், சுமார் 70 வயதில் சேர்ந்தார்கள். 'லோதியன் பிறப்புக் குழுக்கள்' என்று உலகம் அறிந்திருப்பது இவர்களைத்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து தேர்வு எழுதி, ரத்தம் கொடுத்து, நடந்து காட்டி, ஊதிக் காட்டி, எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்து எழுந்துபோனார்கள்.

11 வயதில் கெட்டிக்காரராக இருந்தவர் 80 வயதிலும் அப்படியே இருந்தாரா?

பெரும்பாலும். முழுக்க அப்படியில்லை. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு மதிப்பெண்களும் எந்த அளவுக்குச் சேர்ந்து போகின்றன என்பதற்குப் புள்ளியியலில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் 1 என்றால், சிறுவயதில் வகுப்பில் யார் முதல், யார் இரண்டாவது என்ற வரிசை அப்படியே முதுமையிலும் நிற்கிறது என்று பொருள். 0 என்றால் சீட்டுக்கட்டைக் குலுக்கிப் போட்டதுபோல் எல்லாம் கலைந்துவிட்டது. லோதியன் முதியவர்களுக்கு 79 வயதில் கிடைத்தது 0.66. 90 வயதில் 0.54. 70 ஆண்டுக்கும் அதிகமான இடைவெளியில், நடுவே ஒரு உலகப்போர், வேலை, திருமணம், நோய், துக்கம் எல்லாம் வந்துபோன பிறகும் இவ்வளவு ஒட்டுறவு நிற்கிறது என்பது முதலில் படித்தபோது என்னைத் திடுக்கிட வைத்தது.

ஆனால் கணக்கின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். 0.66ஐ அதே எண்ணால் பெருக்கினால் சுமார் 0.44. 79 வயதில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இருந்த வேறுபாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவானதைத்தான் 11 வயது மதிப்பெண் விளக்குகிறது. மீதியில் கொஞ்சம் அளவீட்டின் பிழை. எஞ்சியதெல்லாம் இடையில் நடந்தது. ஒரே மதிப்பெண்ணில் தொடங்கிய இரண்டு பேர் 68 ஆண்டு கழித்து வெவ்வேறு இடங்களில் நின்றார்கள். ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் உயிர்க் கேள்வி.

இன்னொன்று: சராசரியாகப் பார்த்தால் இந்த முதியவர்கள் தாங்கள் சிறுவயதில் வாங்கியதைவிடக் கூடுதல் மதிப்பெண்ணே வாங்கினார்கள். 11 வயது மூளை இன்னும் வளர்ந்து முடியவில்லை. அங்கிருந்து ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்கி வரும்போதுகூட அவர்கள் தொடங்கிய படிக்கு மேலேதான் நின்றார்கள்.

பழைய மதிப்பெண் கையில் இருப்பதால் அப்படி என்ன நன்மை?

காபியைக் கொண்டு சொல்கிறேன். நாள் தவறாமல் டிகாஷன் இறக்கும் வீட்டில் பிறந்தவன் என்பதால் இந்தச் செய்தி எனக்கு வருத்தம் தந்தது.

70 வயதில் காஃபின் கூடுதலாக உட்கொண்ட லோதியன்காரர்கள் சில தேர்வுகளில் கூடுதல் மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். வேறு எந்த ஆய்வாக இருந்தாலும் 'காபி மூளையைக் காக்கிறது' என்று மறுநாள் தலைப்புச் செய்தி வந்திருக்கும். இவர்களிடமோ 11 வயது மதிப்பெண் இருந்தது. அதையும் குடும்பத்தின் சமூக நிலையையும் கணக்கில் சேர்த்தார்கள். தொடர்பில் பெரும்பகுதி கரைந்துபோனது. அதாவது சிறுவயதில் நன்றாக மதிப்பெண் வாங்கியவர்கள் நல்ல வேலைக்குப் போய், அந்த வாழ்க்கைக்கு உரிய பழக்கமாகக் காபியையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். காபி அவர்களைக் கெட்டிக்காரர்கள் ஆக்கவில்லை.

உணவு முறையிலும், அளவான மதுவிலும் ஏறக்குறைய இதே கதை நடந்தது. குறுக்கெழுத்து, புத்தகம் போன்ற மூளைக்கு வேலை தரும் பொழுதுபோக்குகளிலும் நடந்தது. காரணமும் விளைவும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

ஆகவே 'இதைச் சாப்பிடும் முதியவர்களுக்கு நினைவாற்றல் அதிகம்' என்று ஒரு செய்தியைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள் என்று ஆய்வாளருக்குத் தெரியுமா? பெரும்பாலான நேரம் தெரியாது.

அப்படியானால் எதுவுமே நிற்கவில்லையா?

நின்றவை இருக்கின்றன. உடலசைவு அதில் முக்கியமானது. 1936 குழுவில் 691 பேரிடம் 70 வயதில் அவர்களுடைய பழக்கங்களைக் கேட்டுவைத்து, 73 வயதில் மூளையை ஸ்கேன் செய்தார்கள். உடலை அசைத்து வாழ்ந்தவர்களுக்கு மூளைச் சுருக்கம் குறைவாக இருந்தது, நரம்பு இழைகள் ஓடும் வெள்ளைப் பகுதியில் உள்ள சிதைவுகளும் குறைவாக இருந்தன. பழகிப் பேசுவது, படிப்பது போன்ற பொழுதுபோக்குகளுக்கு இந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆரோக்கியமானவர்தான் அதிகம் நடக்கிறார் என்ற எதிர்வாதத்துக்கு இதிலும் இடமுண்டு. ஆனாலும் காபிபோல் இது கரைந்துவிடவில்லை.

புகையிலை தெளிவானது. 504 பேரின் ஸ்கேனில், புகைத்தவர்களுடைய மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, மெலிந்திருந்தது. விட்டு அதிக ஆண்டுகள் ஆனவர்களுக்கு அது தடித்திருந்தது. பாதிக்கப்பட்ட பகுதிகள் முழுதும் தேற சுமார் 25 ஆண்டு ஆகலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. 45 வயதில் சிகரெட்டை விடுகிற ஒருவருக்கு இது நல்ல செய்தியாகவே எனக்குப் படுகிறது. அவருக்கு அந்த 25 ஆண்டு இருக்கிறது.

எடின்பரோக் குழுவினர் தங்கள் முடிவுகளைச் சேர்த்துச் சொல்லும்போது, மந்திரத் தோட்டா எதுவும் இல்லை, சின்னச் சின்ன ஆதாயங்கள் பலவும் சேர்வதுதான் உண்டு என்கிறார்கள். சிறுதுளி பெருவெள்ளம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் பரம்பரை என்கிறார்களே?

ஒரு பங்கு பரம்பரை. 'அபோ ஈ4' என்ற மரபணு வகை, மறதிநோய்களில் ஒன்றான அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது முன்பே தெரிந்ததுதான். டியரியின் குழு 2002இல் வெளியிட்ட முடிவு விசித்திரமானது. இந்த மரபணு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் 11 வயது மதிப்பெண்ணில் வேறுபாடே இல்லை. 80 வயதில் வேறுபாடு தெரிந்தது. பிறந்த நாளிலிருந்து உடம்பில் இருந்த ஒன்று பல பத்தாண்டுகள் வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் பிறகு பேசுகிறது.

சிறுவயது முதல் முதுமைவரை ஒருவருடைய அறிதிறன் எவ்வளவு மாறுகிறது என்பதில் மரபணுக்களின் பங்கு சுமார் கால் பாகம் என்று 2012இல் மதிப்பிட்டார்கள். அது தோராயமான மதிப்பீடுதான். 'எங்கள் வம்சத்தில் எல்லாருக்கும் மறதி' என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார அது இடம் தரவில்லை.

இரண்டாவது மொழி கற்றால் மறதி தள்ளிப்போகுமா?

என் மனத்துக்கு மிக நெருக்கமான கேள்வி இது. இந்தியாவின் பெயர் இந்த ஆராய்ச்சியில் உரக்க ஒலிப்பதும் இங்கேதான்.

2013இல் ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவும் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் வந்த 648 பேரின் விவரங்களை வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு அறிகுறிகள் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தன. பள்ளிக்கே போகாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. அதுவரை மேலைநாடுகளில் வந்த ஆய்வுகளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அங்கே இரு மொழி பேசுபவர்கள் பெரும்பாலும் குடியேறியவர்கள். வேறுபாடு மொழியால் வந்ததா, குடியேற்றத்தால் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. ஹைதராபாத்தில் அந்தக் குழப்பம் கிடையாது. தெலுங்கும் உருதும் இந்தியும் ஆங்கிலமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர் அது. மூன்றாவது, நான்காவது மொழியால் கூடுதல் பயன் தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

அந்த ஆய்வில் உடன் உழைத்த தாமஸ் பாக் எடின்பரோவில் பணியாற்றியவர். மறு ஆண்டே அவர் லோதியன் குழுவில் அதே கேள்வியைக் கேட்டார். 853 பேரில் 262 பேருக்கு இன்னொரு மொழியில் உரையாட முடிந்தது. 11 வயது மதிப்பெண்ணை வைத்து எதிர்பார்த்ததைவிட அவர்கள் முதுமையில் நன்றாகச் செய்தார்கள். வயது வந்த பிறகு மொழி கற்றவர்களிடமும் அது தெரிந்தது. காபி தோற்ற அதே சோதனையில் மொழி தேறியது.

எல்லா நாட்டு ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை. நோய் தொடங்கிய வயதைக் குடும்பத்தார் நினைவிலிருந்துதான் சொல்கிறார்கள் என்பதும் ஒரு குறை. என்றாலும், வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளை குழம்பிப்போகும் என்று இன்னும் அஞ்சும் பெற்றோரிடம் இந்த இரண்டு ஆய்வுகளைப் பற்றியும் சொல்லுங்கள்.

படிப்பு?

பள்ளியில் கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அறிவுத்திறன் மதிப்பெண்ணை 1 முதல் 5 புள்ளிவரை உயர்த்துகிறது என்று, 6 லட்சத்துக்கும் அதிகமானோரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. மறதிநோய்க்கு எதிரான மிகப் பழைய மருந்து பள்ளிக்கூடம் என்பேன்.

வயதானால் எல்லா நினைவும் ஒரே மாதிரி குறைகிறதா?

இல்லை. வேகம் முதலில் குறைகிறது, சொல்வளம் கடைசிவரை நிற்கிறது. என் பெரியம்மாவுக்கு 81 வயது. புதிய கைபேசியில் அழைப்பை எடுக்க அவர் படும் பாடு பெரிது. பேரன் பெயரைச் சொல்ல வந்து மூன்று பெயர்களைத் தாண்டித்தான் சரியான பெயருக்கு வருவார். ஆனால் ரசத்துக்குப் புளியைக் கையில் உருட்டி எடுத்தால் அளவு ஒரு நாளும் பிசகாது. ஊரில் யார் வீட்டுக்கு யார் என்ன உறவு என்று கேட்டால் நான்கு தலைமுறைக்குச் சொல்வார். இதை நோய் என்று நினைக்க வேண்டியதில்லை. சேர்த்துவைத்த அறிவு நிற்க, புதியதைச் சட்டென்று கையாளும் வேகம் தளர்வது எல்லாருக்கும் நடப்பது.

நினைவு என்பது ஒரே பெட்டி இல்லை என்று உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். தீராத வலிப்புக்காக 1953இல், 27 வயதில், அவருடைய மூளையின் இரு பக்கத்திலும், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட பகுதிகளை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி தந்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திர வடிவத்தின் ஓரக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். கை எதிர்த்திசையில் ஓடும், யாருக்கும் முதலில் வராது. மொலைசன் நாளுக்கு நாள் தேறினார். ஒவ்வொரு நாளும் இதை இதற்குமுன் செய்ததே இல்லை என்றுதான் நினைத்தார். செய்த நினைவு போய்விட்டது, செய்யும் திறமை கையில் தங்கிவிட்டது.

காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்துவிட்ட அம்மா வாசலில் புள்ளி தவறாமல் கோலம் போடுவதைப் பார்த்து, 'வேண்டுமென்றே நடிக்கிறாள்' என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். இரண்டும் மூளையில் வெவ்வேறு இடத்துச் சரக்கு.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சாவியை வைத்த இடம் மறப்பது வழக்கம். சாவி எதற்கு என்பதே விளங்காமல் நிற்பது வழக்கத்துக்கு மாறானது. ஒரே கேள்வியைக் கேட்டதே தெரியாமல் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, பல ஆண்டுகளாகத் தானே பார்த்துவந்த வரவு செலவில் தடுமாறுவது, சுபாவம் மாறிப்போவது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம்.

போனால் உடனே மறதிநோய் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயப்படவும் வேண்டாம். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, காது கேளாமை எல்லாமே மறதிபோல் வேடம் போடும். இவற்றைச் சரிசெய்ய முடியும். ஒன்றை மட்டும் அவசரமாகக் கருதுங்கள்: நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழறிப் பேசினால் அது மறதிநோயின் நடை இல்லை. நோய்த்தொற்றோ, உப்புச்சத்துக் குறைவோ, பக்கவாதமோ இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூளையில் அல்சைமர் இருந்தும் மறதி இல்லாமல் வாழ முடியுமா?

வாழ்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 1986இல் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரிகள் பங்கேற்றார்கள். ஒரே உணவு, ஒரே உறைவிடம், ஒரே மாதிரி வாழ்க்கை. இளம் வயதில் மடத்தில் சேர்ந்தபோது அவர்களில் பலர் எழுதிய சிறு தன்வரலாறுகளும் பத்திரமாக இருந்தன. கருத்து அடர்த்தியாக எழுதியவர்களுக்கு முதுமையில் நோய் குறைவாக வந்தது. ஒருவர் 101 வயதில் இறந்தார். கடைசிவரை தேர்வுகளில் நன்றாகச் செய்தவர். இறந்தபின் மூளையை ஆராய்ந்தால் அல்சைமருக்கு உரிய படிவுகளும் முடிச்சுகளும் ஏராளமாக இருந்தன. சேமிப்பு அதிகம் உள்ள குடும்பம் சில மாத நஷ்டத்தை வெளியே காட்டாமல் தாங்குவதுபோல், சில மூளைகள் தாங்குகின்றன.

வல்லாரை? மூளைப் பயிற்சிச் செயலிகள்?

வல்லாரை நல்ல கீரை, துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். மறதிநோயை அது தடுக்கும் என்று காட்டிய பெரிய சோதனை கிடையாது. காசு கொட்டி வாங்கும் மாத்திரை டப்பாக்களுக்கும் இதே பதில்.

செயலிகளில் பயிற்சி செய்தால் அந்த விளையாட்டில் கை தேர்கிறது. அது அன்றாட வாழ்வுக்குப் பரவுகிறதா என்பதில் சான்று பலவீனம். லூமாசிட்டி என்ற செயலியின் நிறுவனம் மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கு, 2016இல் 20 லட்சம் டாலர் கட்டி முடிக்கப்பட்டது.

புதிய மருந்துகள் வந்துவிட்டனவாமே?

அல்சைமருக்கான லெக்கனெமாப் என்ற ஊசி மருந்து 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. ஆரம்பக் கட்டத்தில் உள்ள 1,795 பேரிடம் 18 மாதம் நடத்திய சோதனையில் நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. நோய் நிற்கவில்லை, போனது திரும்பவும் இல்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வருகின்றன. முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு இது உரியதன்று. நம்பிக்கை தரும் தொடக்கம் என்று சொல்லலாம், விமோசனம் என்று சொல்ல முடியாது.

நம் நாட்டில் இப்படித் தொடர்ந்து பார்க்கும் ஆய்வு உண்டா?

உண்டு. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்து ஸ்ரீனிவாசபுராவில், 45 வயது தாண்டிய கிராமத்து மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வை பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. 10,000 பேர் இலக்கு. நாடு முழுதும் எடுத்த இன்னொரு மதிப்பீடு 2023இல் வெளியானது: 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், நகரத்தைவிடக் கிராமம் அதிகம். பள்ளிக்கு அனுப்பப்படாத பெண் பிள்ளைகள்தான் அந்தக் கிராமத்துப் பாட்டிகள் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, இன்று நான் என்ன செய்யட்டும்?

ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். நாற்பது தாண்டிய யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற அமெரிக்கச் சோதனை ஒன்றில், 140ஐ இலக்காகக் கொண்டவர்களைவிட மறதிநோய்க்கு முந்தைய லேசான தடுமாற்றம் 19 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு உரிய இலக்கு எது என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். மயக்கம் வந்து விழும் வயதானவருக்கு 120 பொருந்தாமல் போகலாம்.

அடுத்தது காது. கேட்கும் கருவி வைப்பதை அவமானமாக நினைத்து, கூடத்து மூலையில் பேச்சில்லாமல் உட்கார்ந்துவிடும் தாத்தாக்கள் எத்தனை பேர்! 977 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2023இல் வந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பயன் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகம் உள்ளவர்களிடம், கருவி வைத்தவர்களுக்கு அறிதிறன் சரிவு மூன்று ஆண்டில் 48 சதவீதம் மெதுவாக இருந்தது.

சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் எடை, கண்புரை, தலைக்காயம், புகை, குடி, தனிமை, மனச்சோர்வு, காற்று மாசு. இவற்றோடு மேலே சொன்ன படிப்பு, உடலசைவு, ரத்த அழுத்தம், காது நான்கையும் சேர்த்தால் 'லான்செட்' மருத்துவ இதழின் குழு 2024இல் வெளியிட்ட 14 காரணிகளின் பட்டியல் ஏறக்குறைய முழுமை பெறுகிறது. இவை அனைத்தையும் நீக்க முடிந்தால் உலகில் மறதிநோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்களின் கணக்கு. காற்று மாசைத் தனி ஆளாக யாரும் நீக்க முடியாது. தலைக்கவசத்தை நாளைக்கே போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?

1921இல் பிறந்தவர்களின் ஆய்வு, அவர்கள் தொண்ணூறுகளைத் தொட்டபின் நிறைவுபெற்றது. 1936இல் பிறந்தவர்கள் தொண்ணூறை ஒட்டிய வயதினர். 73 வயதில் எடுத்த அவர்களுடைய ஸ்கேன்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், எல்லாரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் என்று நம்பவே முடியாது. ஒரு மூளை மண்டையோட்டை நிறைத்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று சுருங்கி, மடிப்புகளுக்கு நடுவே கறுப்பு இடைவெளிகள் அகன்று கிடக்கின்றன.

இவர்களில் பலர் இறந்தபின் தங்கள் மூளையை ஆய்வுக்குத் தரச் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தந்தும்விட்டார்கள் சிலர். எடின்பரோவின் ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் அடியில் வைக்கப்படும் அந்தத் திசுத் துண்டுகளோடு, 1947 ஜூனில் ஒரு பள்ளி ஆசிரியர் பேரேட்டில் மையால் எழுதிய மதிப்பெண்ணும் சேர்த்தே வாசிக்கப்படுகிறது.